பார்ட்டி முட்டைக்கு 'டெவில்'னு பேர் வந்த கதை

டிசம்பர் வந்தாச்சு. கிறிஸ்துமஸ், நியூ இயர், ஆபீஸ் பார்ட்டி, 'எங்க வீட்டு மொட்டை மாடியில சும்மா ஒரு கெட்-டுகெதர்' என்று தூங்கிக்கிடந்த வாட்ஸ்அப் குரூப் எல்லாம் எழுந்து உட்காரும் மாதம். எல்லா குரூப்பிலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: "ஸ்டார்ட்டருக்கு ஈஸியா என்னப்பா பண்ணலாம்?"

இன்றைய எபிசோட் அந்த 'ஈஸியா' என்ற வார்த்தையைப் பற்றியது. அதைப் பேச ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டேன். முட்டையை வேகவைத்து, இரண்டாக வெட்டி, மஞ்சள்கருவை எடுத்துக் காரசாரமாகப் பிசைந்து, திரும்ப அதே குழியில் வைப்பார்களே, அதுதான். ஆங்கிலத்தில் அதற்கு 'டெவில்ட் எக்' என்று பெயர். அமெரிக்காவில் ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் என எதற்குக் கூட்டம் கூடினாலும் இந்தத் தட்டு மேசையில் இருக்கும். இன்ஸ்டா ரீல்ஸ் வழியாக இப்போது நம்ம ஊர் பார்ட்டிகளுக்கும் வந்துவிட்டது.

ஏன் இதை எடுத்தேன் என்றால், உண்மையைச் சொல்றேன், குற்ற உணர்ச்சி.

போன கிறிஸ்துமஸுக்குப் பெரம்பூரில் ஒரு தோழி வீட்டில் பதினைந்து பேர் கூடினோம். ஸ்டார்ட்டர் பொறுப்பு என்னுடையது. நான் ஒரு ட்ரே முட்டை, அதாவது முப்பது முட்டை, ஒரு பாக்கெட் மயோனைஸ் வாங்கிக்கொண்டு போய் அடுக்களையில் வைத்துவிட்டு, "டெவில்ட் எக் பண்ணிடலாம், ரொம்ப ஈஸி" என்றேன். அதோடு என் வேலை முடிந்தது. ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்க உள்ளே போனால், தோழியும் அவள் அம்மாவும் சிங்க் பக்கத்தில் நின்று இன்னும் முட்டை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று காலையில் வந்த புது முட்டை. ஓட்டோடு சேர்ந்து வெள்ளைக்கருவும் பிய்ந்து வருகிறது. ஆன்ட்டி வழக்கம்போல, "பரவால்லப்பா, நீ போய் உக்காரு" என்றார். தோழி மட்டும் திரும்பிப் பார்த்து, "ஈஸினு சொன்னியே, யாருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இந்த முட்டையின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ரோமாபுரிக்குப் போவோம். பணக்கார ரோமானியர்களின் இரவு விருந்து 'குஸ்டாஷியோ' என்ற பகுதியோடு தொடங்கும். நம்ம பாஷையில் ஸ்டார்ட்டர். ஆலிவ், கீரை, உப்பிட்ட மீன், தேன் கலந்த ஒயின், இவற்றோடு முட்டை. முட்டையில் ஆரம்பித்துப் பழத்தில் முடிப்பது அவர்கள் விருந்தின் ஒழுங்கு.

இதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கு. இளைய பிளினி என்ற ரோமானிய வழக்கறிஞர், சுமார் 1,900 வருஷத்துக்கு முன்னால் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம். நண்பர் விருந்துக்கு வர்றேன்னு சொல்லிவிட்டு வரவில்லை. பிளினிக்குச் செம கடுப்பு. தயார் செய்து வைத்ததையெல்லாம் பட்டியல் போடுகிறார்: ஆளுக்கு ஒரு லெட்யூஸ், மூன்று நத்தை, இரண்டு முட்டை, கோதுமைக் கஞ்சி, தேன் ஒயின், அதைக் குளிர வைக்கப் பனி. அந்தப் பனிக்கும் நீதான் காசு கொடுக்கணும், அது தட்டிலேயே உருகிப் போச்சு என்கிறார். நீயோ என் வீட்டை விட்டுட்டு, சிப்பியும் கடல் முள்ளெலியும் நடனக்காரிகளும் இருக்கிற இன்னொருத்தன் வீட்டுக்குப் போயிட்ட என்று முடியாத புலம்பல். கடைசி நிமிஷத்தில் 'சாரி டா' அனுப்புகிற நண்பர்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள்.

படிக்கச் சிரிப்பாக இருக்கிற இந்தக் கடிதத்தில் ஒருத்தரைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அந்த முட்டையை வேகவைத்தது யார்? வசதியான ரோமானிய வீடுகளில் அடுக்களை வேலை அடிமைகளுடையது. பிளினி தன் விருந்தை எளிமையான விருந்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். எளிமைதான், அவருக்கு.

ரோமானியச் சமையல் குறிப்புகளின் தொகுப்பு ஒன்று 'அபிசியஸ்' என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் வேகவைத்த முட்டைக்கு மிளகு, ஊறவைத்த பைன் கொட்டை, தேன், வினிகர், மீன் சாறு சேர்த்து ஒரு சாஸ் இருக்கு. ஆனால் சாஸை முட்டைமேல் ஊற்றுகிறார்கள். மஞ்சள்கருவை எடுத்துப் பிசைந்து திரும்ப உள்ளே வைக்கிற வித்தை அங்கே இல்லை.

அந்த வித்தையைத் தெளிவாக எழுதிவைத்தது 13ஆம் நூற்றாண்டின் அந்தலூசியா. இன்றைய ஸ்பெயினின் தென்பகுதி, அன்று அரபு மொழி பேசிய முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு சமையல் நூல் அங்கிருந்து வந்திருக்கிறது. அதில் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: முட்டையை வேகவைத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடு. ஒரு நூலை வைத்து இரண்டாக அறு. மஞ்சள்கருவை எடுத்துக் கொத்தமல்லித் தழை, வெங்காயச் சாறு, மிளகு, தனியா, எண்ணெய், உப்பு, அதோடு 'முர்ரி' என்ற புளிக்கவைத்த பார்லி சாறு சேர்த்துப் பிசை. வெள்ளைக்கருவில் நிரப்பி, இரண்டு பாதியையும் மூடி, சின்னக் குச்சியால் குத்தி நிறுத்து. மேலே மிளகு தூவு.

கொத்தமல்லி, வெங்காயம், மிளகு, தனியா. நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியையும் ஃப்ரிட்ஜையும் திறந்தால் கிடைக்கிற சாமான். முர்ரி ஒன்றைத் தவிர, எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தின இந்தக் குறிப்பை இன்று சாயந்திரமே செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்தேன். மயோனைஸ் போட்டதைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

இந்தப் பழக்கம் ஐரோப்பாவுக்குள் பரவியது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் உலர்திராட்சை, சீஸ், புதினா எல்லாம் வைத்து நிரப்பிப் பொரித்திருக்கிறார்கள். ஆனால் இதுவரைக்கும் 'டெவில்' கதைக்குள் வரவே இல்லை. அது எங்கே வந்தது?

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தில். கடுகு, மிளகு, சிவப்பு மிளகாய்த்தூள் போட்டு நாக்கு எரிகிற மாதிரி செய்தால் அதற்குச் சமையல்காரர்கள் 'டெவில்' என்று பெயர் வைத்தார்கள். பிசாசு இருக்கிற இடம் நரகம், நரகம் என்றால் நெருப்பு, நெருப்பு என்றால் காரம். அவ்வளவுதான் கணக்கு. முட்டைக்கு மட்டும் வைத்த பெயர் இல்லை அது. சிறுநீரகம், கோழிக்கால், நேற்றைய விருந்தில் மிஞ்சிய எலும்பு, எதையும் 'டெவில்' செய்வார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொலம்பஸுக்குப் பிறகு வந்த சரக்கு. அது இல்லாமல் இந்தப் பெயருக்கே வேலை இருந்திருக்காது.

இங்கே ஒரு விருந்தைப் பற்றிச் சொல்லணும். கற்பனை விருந்துதான். 1849-50இல் தொடராக வந்த சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் வருவது. கதாநாயகன் டேவிட் தன் வாடகை அறைக்கு நண்பர்களை விருந்துக்குக் கூப்பிடுகிறான். சமையல் பொறுப்பு வீட்டுக்காரம்மாவிடம். வந்து சேர்ந்த மட்டன் வெளியே வெளிறி, உள்ளே பச்சை ரத்தமாக இருக்கிறது. குழம்பை மாடிப்படியிலேயே கொட்டிவிட்டார்கள். பார்ட்டி காலி என்று டேவிட் தலையில் கை வைக்கும்போது, மிக்காபர் என்ற விருந்தாளி ஒரு யோசனை சொல்கிறார்: இதை டெவில் பண்ணிடலாம்! ஒருத்தர் மட்டனைத் துண்டு போடுகிறார், மிக்காபர் கடுகும் மிளகும் மிளகாயும் தடவுகிறார், இன்னொருத்தர் கணப்பில் வாட்டுகிறார், மிக்காபரின் மனைவி சின்னப் பாத்திரத்தில் காளான் சாஸ் சூடு பண்ணுகிறார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புகையில் முகம் சிவந்து, சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டே அடுத்த துண்டை வாட்டுகிறார்கள்.

அந்த நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று. ரோமில் ஆரம்பித்து இதுவரை நாம் பார்த்த விருந்துகளில் விருந்தாளிகளே சமைக்கிற விருந்து இது ஒன்றுதான். கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இந்த 'டெவில்' ஆங்கிலேயரோடு கப்பலேறி நம்ம பக்கமும் வந்தது. கொல்கத்தாவில் முட்டையைக் கைமாவால் மூடி, பிரெட் தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். பெயர் 'டிமேர் டெவில்'. வங்காளத்தில் 'டிம்' என்றால் முட்டை. கொழும்பில் இன்று எந்தப் பார்ட்டிக்குப் போனாலும் 'பைட்ஸ்' என்ற பெயரில் டெவில்ட் சிக்கன், டெவில்ட் உருளைக்கிழங்கு வரும். வெங்காயமும் மிளகாயும் பெரிதாக வெட்டிப் போட்டு, சிவக்கச் சிவக்கப் புரட்டியது. இலங்கை நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்க, அந்தச் சொல்லை வெளியூர்ச் சொல்லாகவே நினைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் பிசாசு தகர டப்பாவுக்குள் போனார். பாஸ்டனைச் சேர்ந்த அண்டர்வுட் நிறுவனம், மசாலா சேர்த்து அரைத்த பன்றி இறைச்சியை 'டெவில்ட் ஹாம்' என்று டப்பாவில் விற்றது. அதன் சிவப்புப் பிசாசுச் சின்னம் 1870இல் பதிவானது. கூடவே ஒரு தர்மசங்கடமும் வந்தது. சர்ச் விருந்துக்குப் போகிற தட்டை எப்படிப் பிசாசு பேரில் கூப்பிடுவது? அதனால் அமெரிக்காவின் பல பகுதிகளில் அதே முட்டைக்கு 'ஸ்டஃப்டு எக்', 'டிரெஸ்டு எக்', 'சாலட் எக்' என்று மாற்றுப் பெயர்கள். பெயரை மட்டும்தான் மாற்றினார்கள். காரம் அப்படியே இருந்தது.

சரி, இந்த முட்டை எப்படிப் பண்டிகைத் தட்டுக்கு வந்தது? ஈஸ்டருக்குக் காரணம் சுலபம். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க முட்டை சாப்பிடக் கூடாது. கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டே இருந்தது. நாற்பது நாள் சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டர் அன்று வெளியே வந்தது.

கிறிஸ்துமஸ் முட்டைதான் ஆச்சரியம். கோழி முட்டையிடுவது பெரும்பாலும் வெளிச்சத்தைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தால் நன்றாக இடும். பகல் சுருங்கினால் நிறுத்திக்கொள்ளும். சென்னையில் டிசம்பரில்கூடப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கு, அதனால் நமக்கு இது பெரிதாகத் தெரியாது. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் பழைய ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்கால முட்டை அருமையான பொருள். கோடையில் கிடைத்ததைச் சுண்ணாம்புத் தண்ணீரிலும், 'வாட்டர் கிளாஸ்' என்ற சோடியம் சிலிக்கேட் கரைசலிலும் மூழ்கவைத்து மாதக்கணக்கில் காப்பாற்றுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில்தான் அமெரிக்கக் கோழிப் பண்ணைகளில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. கோழி அதைக் கோடை என்று நம்பிவிட்டது. கிறிஸ்துமஸ் மேசையில் இரண்டு டஜன் முட்டையைச் சாதாரணமாக அடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பக்கம் மயோனைஸ். 1896இல் ஃபேனி ஃபார்மர் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளி நூல், மஞ்சள்கருவைப் பிசைய மயோனைஸ் சேர்க்கலாம் என்று சொன்ன ஆரம்பகால நூல்களில் ஒன்று. அப்போது மயோனைஸ் என்றால் கையால் அடிக்கணும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கை விட்டுப்போகிற வரை அடிக்கணும். 1910களில் ஹெல்மன் போன்றவர்கள் அதை ஜாடியில் விற்க ஆரம்பித்ததும் அந்தக் கைவலி தொழிற்சாலைக்குப் போனது.

பிறகு 1920இல் இருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. பாரில் குடிக்க முடியாதவர்கள் வீட்டுக்குள் கூடிக் குடித்தார்கள். நின்றபடி, ஒரு கையில் கிளாஸ், மறு கையால் எடுத்துச் சாப்பிட ஏதாவது வேணும். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், ஒரே வாயில் போகணும். டெவில்ட் எக் அதற்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

இதே காலத்தில் நடுத்தர வர்க்க வீடுகளில் வேலைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பத்திரிகைகளும் உணவுக் கம்பெனிகளும் இல்லத்தரசியைப் பார்த்து, "இது ஈஸி, நீங்களே பண்ணலாம்" என்று சொல்ல ஆரம்பித்தன. அமெரிக்காவின் தென்பகுதியில் கதை இன்னும் கனமானது. தென்பகுதி விருந்தோம்பல் என்று கொண்டாடப்படுகிற வெள்ளையர் வீட்டு மேசைகள் பலவற்றுக்குப் பின்னால் நின்று சமைத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். 1865 வரை அடிமைகளாக, அதற்குப் பிறகு சொற்பக் கூலிக்கு. தட்டின் பெருமை வீட்டுக்காரம்மாவுக்குப் போனது.

இப்போது தோழியின் கேள்விக்கு வருவோம். யாருக்கு ஈஸி?

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். விளக்கு, ஜாடி, ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு எல்லாம் சேர்ந்து இந்த முட்டையின் வேலையைக் குறைத்தது நிஜம். ஆனால் ஒரு வேலையை எந்த மெஷினும் நம்ம வீட்டு அடுக்களையிலிருந்து எடுக்கவில்லை. யாராவது ஒருத்தர் நின்று ஓட்டை உரிக்கணும். ரோமில் அது அடிமையின் கை. தென்அமெரிக்க மாநில வீடுகளில், அதாவது அமெரிக்காவின் தென்மாநில வீடுகளில், கறுப்பினப் பெண்ணின் கை. பெரம்பூரில் ஆன்ட்டியின் கை. ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் எல்லாக் காலத்திலும் அதை ஈஸி என்று சொல்லியிருக்கிறோம். ஆன்ட்டியின் 'பரவால்லப்பா'வை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அது சம்மதம் இல்லை, பழக்கம்.

அதனால் இந்த வருஷம் மிக்காபர் முறைதான். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு முட்டை உரிக்க இரண்டு நிமிஷம். ஒருத்தரே முப்பது உரித்தால் ஒரு மணி நேரம். பதினைந்து பேர் ஆளுக்கு இரண்டு உரித்தால் நாலு நிமிஷம், அதுவும் அரட்டை அடித்துக்கொண்டே.

செய்முறையும் சொல்லிடறேன். முட்டையை ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்க. நாள் ஆக ஆக முட்டைக்குள் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு ஓட்டின் நுண்துளை வழியாக வெளியேறும், வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்டுவது குறையும். நான் போன வருஷம் அன்றைக்கே வாங்கின புது முட்டைதான் அத்தனை வேலை வைத்தது. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முட்டையை இறக்கி 11, 12 நிமிஷம். அதற்கு மேல் விட்டால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் வரும். இரும்பும் கந்தகமும் சேர்வதால் வருவது, கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்க. பெரிய பாத்திரத்தோடு ஹால் மேசைக்குக் கொண்டு வந்து நடுவில் வையுங்க. எல்லாரும் கை கழுவிட்டு வரட்டும்.

பன்னிரண்டு முட்டைக்கு ஆறு டேபிள்ஸ்பூன் மயோனைஸ், இரண்டு டீஸ்பூன் கடுகு சாஸ், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு, மேலே தூவ மிளகாய்த்தூள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது நினைவிருக்கும். காரணம் கிருமித் தொற்று. அதனால் முட்டை சேர்க்காத மயோனைஸ், இல்லையென்றால் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் போதும். எனக்குப் பிடித்தது அந்தலூசியா முறை: கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு, தனியா, நல்ல எண்ணெய். முர்ரிக்குப் பதிலாகச் சில சொட்டு சோயா சாஸ் விட்டேன். எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீங்க.

நேற்று தோழிக்கு மெசேஜ் போட்டேன். இந்த வருஷமும் ஸ்டார்ட்டர் என் பொறுப்பு, முட்டை வாங்கி ஃப்ரிட்ஜில் வெச்சாச்சு, ஆன்ட்டிக்கு ஹாலில் ஒரு நாற்காலி போட்டு வை என்று. "முதல்ல வந்து உரி, அப்புறம் பேசு" என்று பதில் வந்திருக்கு.

நியாயம்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க வீட்டு கெட்-டுகெதரில் முட்டை உரிக்கிறது யாருன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. வணக்கம்.